கலைக்கூடத்துக்குச் செல்லும் வழி: யாழ்ப்பாணத்து நவீன ஓவியமும் பொதுப் போக்குவரத்தும்

ஓர் ஓவியத்தை ஆராய்பவர்கள் அதனை வரைந்தவர் யார், அவர் எக்காலத்தவர், எம்மரபைத் தழுவியவர் என்னும் வினாக்களை எழுப்புவது வழக்கம். அவ்வோவியத்தைப் பார்ப்பதற்கு மக்கள் எவ்வழியாக வந்தனர் என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. கலை வரலாறு படைப்பாளியோடும் படைப்போடும் நின்றுவிடுகின்றது. பார்வையாளன் வீட்டிலிருந்து புறப்பட்டு, வீதிக்கு வந்து, வண்டி ஏறி, ஓவியத்தின் முன்னே வந்து நிற்கும் வரையிலான தூரம் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. ஆயினும், ஒரு சமூகத்தில் கலை யாருக்கு உரியதாக இருந்தது என்பதை அத்தூரமே பல வேளைகளில் தீர்மானித்துள்ளது.

மேனாட்டு நகரங்கள் சிலவற்றில் ஓவியர்களும் சிற்பிகளும் ஆண்டுக்கொரு முறை வார இறுதியில் தம் கலைக்கூடங்களின் கதவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் உண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1975ஆம் ஆண்டு முதல் இது நடைபெற்று வருகின்றது. ஒரே நாளில் பல கூடங்களைப் பார்க்க விரும்புவோருக்குப் பொதுப் போக்குவரத்து இன்றியமையாதது. ஆதலின், சில நகரங்களில் இத்திறப்பு நாள்கள் பேருந்துகளையும் புகையிரதங்களையும் கொண்டாடும் நாள்களாகவும் அமைகின்றன. இத்தகைய முயற்சியை யாழ்ப்பாணத்தோடு தொடர்புபடுத்திச் சிந்திக்கும்போது, இது நமக்குப் புறம்பான இறக்குமதி என்னும் எண்ணம் எழுதல் இயல்பு. குடாநாட்டின் ஓவிய வரலாற்றை நுணுகி நோக்கின் அவ்வெண்ணம் நிலைபெறாது. இங்கு நவீன ஓவியம் வளர்ந்ததே புகையிரத நேர அட்டவணையையும் பாடசாலை விடுமுறையையும் அனுசரித்துத்தான். அதன் இழப்புகளுள் பெரியவை நிகழ்ந்ததும் வழிகள் அடைபட்ட காலத்திலேயே. இவ்விரு உண்மைகளையும் அவற்றிலிருந்து பெறப்படும் படிப்பினையையும் ஆராய்வது பயனுடைத்து.

தேரும் படலையும்

நவீன ஓவியம் தோன்றுவதற்கு முன்னரே குடாநாட்டில் கலை பொதுவழியோடு நெருங்கிய உறவு கொண்டிருந்தது. தேர், வாகனம், சப்பறம் ஆகியவை செய்யப்பட்ட தச்சுப் பட்டறைகளுக்குக் கதவு இருந்ததில்லை. ஓலைக் கொட்டகையின் கீழ் மரத்தில் யாளியும் குதிரையும் உருப்பெறுவதை வீதியால் செல்வோர் நின்று பார்க்கலாம், சிற்பியோடு பேசலாம். செய்து முடித்த படைப்போ வீதியிலேயே உலா வந்தது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் பெருந்திருவிழா 25 நாள்கள் நடைபெறுவது. அதில் 24ஆம் நாள் தேர் வீதிவலம் வரும்போது, குடாநாட்டுத் தச்சரின் கைத்திறன் ஆயிரக்கணக்கானோர் கண்முன்னே நகர்ந்து செல்கின்றது. மக்கள் கலையைத் தேடிச் செல்வதோடு, கலையும் மக்களைத் தேடி வருவது இம்மரபின் சிறப்பு.

ஆயினும் இம்மரபை மிகைப்படப் போற்றுதல் வரலாற்று நேர்மையாகாது. தேர் வீதிக்கு வந்தது உண்மை. கோயிலின் உள்வாயில் எல்லோர்க்கும் திறந்திருக்கவில்லை என்பதும் உண்மை. தூணிலும் விதானத்திலும் சுவரிலும் அமைந்த வேலைப்பாடுகளைக் காணும் உரிமை ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நடைபெற்ற ஆலயப் பிரவேசப் போராட்டம் இதற்குச் சான்று. 'திறந்த கதவு' என்னும் தொடர் யாழ்ப்பாணத்தில் அலங்காரச் சொல்லாக இருந்ததில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. யாருக்குத் திறந்தது என்னும் வினா அதனோடு என்றும் சேர்ந்தே வந்துள்ளது.

புகையிரதம் கொணர்ந்தவை

1902ஆம் ஆண்டில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கிற்று. 1905ஆம் ஆண்டில் வடபகுதிப் பாதை முழுமை பெற்றுக் கொழும்போடு குடாநாடு இணைக்கப்பட்டது. அரசாங்க உத்தியோகத்துக்குத் தெற்கே செல்லும் எழுதுவினைஞர்களையும் புகையிலை, வெங்காயம் முதலிய விளைபொருள்களையும் ஏற்றிச் சென்ற பாதையாகவே இது பொருளியல் வரலாற்றில் பேசப்படுகின்றது. அதே பாதையால் கலைக் கருத்துகளும் வந்தன.

1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதன் பின், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும், இரு கரைகளிலும் புகையிரதமும் ஒன்றோடொன்று இணைந்து இயங்கின. சென்னையில் ஏறியவர் இலங்கையின் எந்நிலையத்துக்கும் வந்து சேரக்கூடிய வழி அமைந்தது. தமிழகத்து இதழ்களும் அவற்றின் சித்திரங்களும், இரவிவர்மாவின் பாணியில் அமைந்த அச்சுப் படங்களும் யாழ்ப்பாணத்து வீடுகளின் சுவர்களை வந்தடைந்தமைக்கு இத்தகைய போக்குவரத்தே ஆதாரம். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது இவ்விணைப்பின் ஒரு கண்ணி அறுந்தது.

தெற்கிலிருந்து வந்த செல்வாக்கு வேறுவகையானது. 1920ஆம் ஆண்டில் சித்திரக் கல்விக்குப் பொறுப்பான வித்தியாதரிசியாக இலங்கைக்கு வந்த சாள்ஸ் ஃபிறீகுறோவ் வின்சர், மாதிரிப் படங்களைப் பார்த்துப் பிரதி செய்விக்கும் பழைய போதனை முறையிலிருந்து பாடசாலைச் சித்திரத்தை விடுவிக்க முயன்றவர். இலங்கைக் கலைக் கழகத்தின் தோற்றத்திலும் அவருக்குப் பங்குண்டு. அவருடைய கருத்துகளால் தூண்டப்பெற்ற தலைமுறையினரே பின்னர் 1943ஆம் ஆண்டில் கொழும்பில் லயனல் வென்ற், ஹரி பீரிஸ், ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தரணியகல முதலியோரைக் கொண்ட '43 குழு'வாக ஒன்றிணைந்தனர்.

இதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 1938இல், யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை வின்சர் கலைக் கழகத்தை நிறுவினார் என்பது குறிப்பிடத்தக்கது. கழகத்தின் பெயரே அது எங்கிருந்து ஊக்கம் பெற்றது என்பதைக் காட்டும். கனகசபை சித்திர வித்தியாதரிசியாகப் பணியாற்றியவர். வித்தியாதரிசி என்பவர் இயல்பிலேயே பயணி. ஒரு பாடசாலையிலிருந்து மறு பாடசாலைக்கு, ஒரு கிராமத்திலிருந்து மறு கிராமத்துக்குச் சென்று கொண்டிருப்பதே அவருடைய தொழில். குடாநாட்டின் பல மூலைகளிலும் தனித்தனியே சித்திரம் கற்பித்துக் கொண்டிருந்த ஆசிரியர்களை ஒருவரோடு ஒருவர் அறிமுகப்படுத்தி ஒரு கழகமாகத் திரட்டும் வாய்ப்பு, அலைந்து திரியும் அப்பதவியில் இருந்தவருக்கே கிடைத்திருக்கும். கொழும்பின் 43 குழுவிற் பலர் வசதிபடைத்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தமக்கெனக் கலைக்கூடங்களை வைத்திருக்க இயன்றவர்கள். யாழ்ப்பாணத்துக் கழகமோ சம்பளத்தில் வாழ்ந்த ஆசிரியர்களின் கழகம். இவ்வேறுபாடு இரு மரபுகளின் போக்கையும் விளங்கிக்கொள்ள உதவுவதாகும்.

விடுமுறைக்கால ஓவியர்

யாழ்ப்பாணத்து ஓவியருக்குக் கலைக்கூடம் எங்கே இருந்தது? தனிக் கட்டடமாக அது அமைந்தது மிக அரிது. வீட்டின் விறாந்தை, முன்னறை, பாடசாலையின் சித்திர வகுப்பறை ஆகியவையே கலைக்கூடங்களாயின. வாரநாள்களில் ஓவியர் ஆசிரியராகவே இருந்தார். அரசாங்கத்தின் இடமாற்றக் கட்டளை வந்தால் வேற்றூருக்குச் சென்று, வார இறுதியிலோ தவணை விடுமுறையிலோ வீடு திரும்பினார். தூரிகையைத் தமக்கென எடுக்கக் கிடைத்த காலம் அதுவே.

இந்நிலைமையை ஒளிவுமறைவின்றித் தன் பெயரிலேயே ஏற்றுக்கொண்ட அமைப்பு, 1959ஆம் ஆண்டில் அ. மாற்கு தொடக்கிய 'விடுமுறைக்கால ஓவியர் கழகம்' ஆகும். குருநகரைச் சேர்ந்த மாற்கு கொழும்பில் ஓவியப் பயிற்சி பெற்று, சித்திர ஆசிரியராகப் பணியாற்றியவர். முந்திய தலைமுறையினரின் இயற்கைக் காட்சிகளிலிருந்தும் தத்ரூபமான உருவப் படங்களிலிருந்தும் விலகி, கோட்டையும் வர்ணத்தையும் உணர்ச்சியின் மொழியாகக் கையாண்ட நவீன ஓவியத்தைக் குடாநாட்டில் நிலைநாட்டியோருள் முதன்மையானவர் அவர். தம் கழகத்துக்கு அவர் சூட்டிய பெயரில் தாழ்மை போன்று தோன்றுவது உண்மையில் ஒரு சமூகக் குறிப்பு. முழுநேர ஓவியனாக வாழ வழியற்ற சமூகத்தில் விடுமுறையே கலையின் காலம் என்பதை அது கூறுகின்றது.

கழகம் தோன்றிய காலத்தின் போக்குவரத்து நிலையையும் நோக்குதல் வேண்டும். 1956 ஏப்ரலில் 'யாழ்தேவி' கடுகதி ஓடத் தொடங்கிற்று. 1958 ஜனவரி முதலாம் நாளன்று தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் நேர ஒழுங்கோடு கூடிய போக்குவரத்து இவ்வாறு விரிவடைந்த வேளையிலேயே விடுமுறைக்கால ஓவியரும் ஒன்றுகூடினர். ஒன்று மற்றதற்கு நேர்க் காரணம் என்று கூறுதல் மிகையாகும். எனினும், வெவ்வேறு ஊர்களில் வாழும் ஆசிரியர் சிலர் ஒரு சனிக்கிழமை காலையில் ஓரிடத்தில் கூடி, மாலையில் வீடு திரும்பக்கூடிய நிலை இல்லாத இடத்தில் இத்தகைய கழகம் தோன்றுவது அரிது என்பதை மறுத்தல் இயலாது.

புகையிரதப் பாதை குடாநாடு முழுவதையும் தொடவில்லை. காங்கேசன்துறை, தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், கோண்டாவில் என வலிகாமத்தின் நடுவாக வந்து, யாழ்ப்பாண நகரைத் தொட்டு, நாவற்குழி, சாவகச்சேரி, கொடிகாமம் என்று தென்மராட்சி வழியே அது வெளியேறியது. வடமராட்சிக்குப் புகையிரதம் இல்லை, தீவகத்துக்கும் இல்லை. அக்குறையை நிரப்பியவற்றுள் சிறப்பாகக் குறிப்பிடவேண்டியது தட்டிவான். பழைய வண்டிகளின் எந்திரமும் அடிச்சட்டமும் கொண்டு, உள்ளூர்த் தச்சர் அமைத்த மர உடலோடு, பக்கங்கள் திறந்தனவாய் ஓடிய வாகனம் அது. கொடிகாமம் - பருத்தித்துறை வீதியில் அது நெடுங்காலம் ஓடிற்று. சந்தைக்குச் செல்லும் மூட்டைகளும் மனிதரும் பாடசாலைப் பிள்ளைகளும் அதில் ஒன்றாகவே பயணித்தனர். தேர் செய்யும் மரபில் வந்த கைத்திறன் பொதுப் போக்குவரத்துக்குப் பயன்பட்ட இவ்வாகனத்தைக் குடாநாட்டுக் கலைப்பொருள்களுள் ஒன்றாகக் கொள்வதில் தவறில்லை.

ஆசனமும் சமத்துவமும்

பொதுப் போக்குவரத்து மக்களை ஓரிடத்திலிருந்து பிறிதோரிடத்துக்குக் கொண்டுசெல்வதோடு அமைவதில்லை; யார் யாரோடு அமர்வது என்பதையும் அது தீர்மானிக்கின்றது. 1940கள் வரையிலும் குடாநாட்டுப் பஸ் வண்டிகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆசனத்தில் அமரவிடப்படாத நிலை இருந்தது. பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியவரும் தரையில் அமரவோ நிற்கவோ வேண்டியிருந்தது. பாடசாலைகளில் சம ஆசனம் கோரி 1920களின் இறுதியில் எழுந்த குரலும், 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும், அதன் பின் நிகழ்ந்த போராட்டங்களும் இந்நிலையை மாற்றுவதற்கு உதவின. பேருந்து அரசுடைமையானபோது, ஆசனம் என்பது சாதியின் உரிமையாக இராது சீட்டின் உரிமையாயிற்று.

கலை வரலாற்றுக்கு இதனால் என்ன பயன் என்று வினவலாம். பாடசாலை மண்டபத்திலோ நூலகத்திலோ ஓர் ஓவியக் கண்காட்சி நடைபெறுகையில், அங்கே வந்து சேர்வதற்கான வண்டியும் உள்ளே நுழைவதற்கான வாயிலும் எல்லோர்க்கும் ஒரே தன்மையனவாக இருத்தல் வேண்டும். கோயிற் கலை இவ்வாய்ப்பைச் சமூகத்தின் ஒரு பகுதியினர்க்கு மறுத்தது. பாடசாலையையும் பொதுமண்டபத்தையும் பேருந்தையும் சார்ந்து வளர்ந்த நவீன ஓவியம், தன் உள்ளடக்கத்தில் எவ்வாறாயினும், தான் நிலைகொண்ட இடத்தால் அம்மறுப்பைச் செய்ய இயலாததாயிற்று. நவீன ஓவியத்தின் சமூகப் பெறுமதியை மதிப்பிடுவோர் அதன் பாணியை ஆராய்வதோடு இவ்வம்சத்தையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

வழிகள் அடைபட்ட காலம்

1981ஆம் ஆண்டு ஜூன் முதலாம் நாளையொட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச் சுவடிகளும் அழிந்தன. ஒரே இடத்தில் சேர்த்து வைக்கப்பட்ட அறிவுச் செல்வம் ஓர் இரவில் இல்லாமற் போகலாம் என்பதை அச்சம்பவம் உணர்த்திற்று. பல இடங்களில் சிதறிக் கிடக்கும் செல்வமும் அவ்வாறே அழியலாம் என்பதைப் பின்வந்த ஆண்டுகள் உணர்த்தின.

1990 ஜூனில் வடபகுதிப் புகையிரதச் சேவை நின்றுபோயிற்று. யாழ்ப்பாண நிலையம் இடிபாடாயிற்று. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் பயன்பட்டன. ஆனையிறவு வழி அடைபட்டபோது கிளாலிக் கடனீரேரியை இரவில் படகேறிக் கடப்பதே வெளியுலகத்துக்கான பாதையாயிற்று. எரிபொருள் தட்டுப்பாட்டினால் பேருந்துகள் அருகின. துவிச்சக்கர வண்டியே குடாநாட்டின் வாகனமாயிற்று. மின்சாரம் இல்லை. வர்ணமும் தாளும் கிடைப்பது அரிதாயிற்று. அந்நிலையிலும் ஓவியப் பயிற்சி நின்றுவிடவில்லை என்பது வியப்புக்குரியது. வாசுகி, நிலாந்தன், சனாதனன் முதலியோர் மாற்குவிடம் பயின்று உருவாகியவர்கள். அவரைப் பற்றிய 'தேடலும் படைப்புலகமும்' என்னும் நூல் 1987ஆம் ஆண்டில், நாடு போரின் நடுவில் இருந்த காலத்திலே, வெளிவந்தது. துவிச்சக்கர வண்டியில் வந்த மாணவனுக்கு ஆசிரியரின் வீடு திறந்திருந்தது. 'திறந்த கலைக்கூடம்' என்னும் பெயர் சூட்டப்படாமலேயே அது நடைமுறையில் இருந்தது.

1995 அக்டோபர் 30ஆம் நாள் தொடங்கிய பெரும் இடப்பெயர்வில் வலிகாமத்து மக்கள் ஏறத்தாழ முழுமையாகவே வெளியேறி நாவற்குழி வழியே தென்மராட்சிக்குச் சென்றனர். மழையில், நெருக்குண்ட ஒரே வீதியில், கையில் எடுத்துச் செல்லக்கூடியவற்றை மட்டுமே எடுத்துச் சென்றனர். பத்திரங்களையும் நகைகளையும் பிள்ளைகளையும் சுமந்த கைகளில் ஓவியங்களுக்கு இடமிருக்கவில்லை. மாற்குவின் ஓவியங்களுட் பல இவ்விடப்பெயர்வில் இழக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டில் அவர் காலமானபோது, அவருடைய வாழ்நாட் படைப்பின் முழுமையான தொகுதியை ஓரிடத்திற் காணும் வாய்ப்பும் மறைந்தது.

இவ்விழப்புக்குப் போரே காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் ஆராய்வோர் மேலும் ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும். இழந்த ஓவியங்கள் எத்தனை, அவை எவை, எவ்வாறு இருந்தன என்பனவற்றை எடுத்துரைக்கக்கூடியவர் எத்தனை பேர்? அரசின் தேசியக் கலைக்கூடம் கொழும்பில், ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவில் இருந்தது. யாழ்ப்பாணத்து ஓவியங்கள் யாழ்ப்பாணத்து வீடுகளின் உள்ளறைகளில் இருந்தன. வீடு அழிந்தபோது ஓவியமும் அழிந்தது. அதனைப் பார்த்தவர் சிலரே என்பதால் அதன் நினைவும் சுருங்கிற்று. பலர் பார்த்த படைப்பு அழிந்தாலும் அது விளக்கமாக, புகைப்படமாக, மாணவனின் பாணியில் ஒரு சாயலாக எஞ்சுகின்றது. கதவு திறப்பது பார்வையாளருக்கு மட்டும் செய்யும் உபகாரமன்று. படைப்புக்குச் சாட்சிகளைத் தேடிக் கொடுப்பதுமாகும். யாழ்ப்பாணத்து ஓவிய வரலாறு கற்பிக்கும் தலையாய பாடம் இதுவே.

மீளத் திறந்தவை

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அவ்வீதி திறந்திருந்த காலத்திலேயே, 2004ஆம் ஆண்டில், மீளக் கட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் 'அகம் - புறம்' என்னும் கண்காட்சி நடைபெற்றது. வடக்கிலும் தெற்கிலும் உள்ள கலைஞர்களின் படைப்புகள் அதில் ஒருங்கே இடம்பெற்றன. சனாதனன் அமைத்த படைப்பு, குடாநாட்டு வீடுகளில் எஞ்சிய அன்றாடப் பொருள்களை மக்களிடமிருந்தே பெற்று உருவாக்கப்பட்டது. வழமையில் மக்கள் கலைஞனின் கூடத்துக்குச் செல்வர். இங்கே மக்களின் வீடுகள் கலைஞனின் படைப்புக்குள் வந்து சேர்ந்தன. எரிந்த நூலகத்தின் தட்டுகளில் நூல்களுக்குப் பதிலாக மக்களின் நினைவுகள் அமர்ந்தன எனலாம். 2011ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலொன்று ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடான 'தோம்பு' என்னும் சொல்லைத் தன் தலைப்பிற் கொண்டது. இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீடுகளின் அமைப்பை நினைவிலிருந்து வரைந்த கோட்டுப் படங்கள் அதில் அடங்கியுள்ளன. கதவுகளே இல்லாமற் போன வீடுகளை ஓவியம் மீண்டும் திறந்து காட்டிய முயற்சி அது.

2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மீண்டும் அடைபட்டது; போர் 2009இல் முடிவுற்றது. அதன் பின் புகையிரதப் பாதை படிப்படியாக வடக்கே நீண்டு, 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சியையும், 2014 மார்ச்சில் பளையையும், 2014 அக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்தையும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறையையும் அடைந்தது. 24 ஆண்டுகள் இடைவெளிக்குப் பின் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்த வண்டியைக் காண முதியோரும், புகையிரதத்தையே முன்னர் கண்டிராத இளைஞரும் கூடினர். இதற்கிடையில், 1960ஆம் ஆண்டில் மருதனார்மடத்தில் தோன்றி 1975இல் யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கழகம், இசையையும் நடனத்தையும் கடந்து கட்புலக் கலைகளையும் தழுவி வளர்ந்தது. விடுமுறைக்கால ஓவியர்க்குக் கிட்டாத முறைசார்ந்த பயிற்சி இளைய தலைமுறைக்குக் கிட்டிற்று. பாதையும் உண்டு, பயின்றோரும் உண்டு. இரண்டையும் இணைப்பது எவ்வாறு என்பதே எஞ்சிய வினா.

பிறநாட்டு அனுபவங்கள்

இவ்வினாவுக்கு விடை காண்கையில் பிற இடங்களின் அனுபவம் துணைபுரியும். இலண்டனில் நிலக்கீழ்ப் புகையிரதத்தின் விளம்பரத்துக்குப் பொறுப்பாயிருந்த பிராங்க் பிக் என்பவர் 1908ஆம் ஆண்டு முதல் ஓவியர்களைக் கொண்டு சுவரொட்டிகளை வரைவித்தார். ஓவியக் கூடத்துள் காலடி வையாதவரும் வேலைக்குச் செல்லும் வழியில் நல்ல ஓவியத்தைக் கண்டனர். ஸ்ரொக்ஹோம் நகரின் சுரங்கப் புகையிரத நிலையங்களில் 1957ஆம் ஆண்டளவில் தொடங்கிய கலை வேலைகள் காலப்போக்கில் நிலையத்துக்கு நிலையம் பரவின. 2017ஆம் ஆண்டில் பீகாரின் மதுபனி நிலையச் சுவர்களை அவ்வூர்க் கலைஞர்கள் தம் மரபான ஓவியத்தால் நிரப்பினர். வீட்டுச் சுவரில் பெண்கள் வரைந்த கலை பயணிகளின் கலையாயிற்று.

இவை கலை வழிக்கு வந்த எடுத்துக்காட்டுகள். மக்கள் வழியேகிக் கலையை அடைந்த எடுத்துக்காட்டுகளும் உண்டு. கே. சி. எஸ். பணிக்கரின் முயற்சியால் 1966ஆம் ஆண்டில் சென்னைக்குத் தெற்கே தோன்றிய சோழமண்டலம் ஓவியர் கிராமம், கலைஞர்கள் தாம் வாழும் இடத்திலேயே பார்வையாளரை வரவேற்கும் ஊராக அமைந்தது. 2012 டிசம்பரில் தொடங்கிய கொச்சி - முசிறிப் பெருங்கண்காட்சிக்கு எர்ணாகுளத்திலிருந்து செல்வோர் பலர் அன்றாடப் பயணிகளோடு பொதுப் படகேறியே கோட்டைக் கொச்சியை அடைந்தனர். இலங்கையில், 43 குழுவைச் சேர்ந்த ஹரி பீரிஸ் தம் கொழும்பு இல்லத்தையே 1974ஆம் ஆண்டில் சபுமல் மன்றமாக அமைத்தார். அவர் வாழ்ந்து வரைந்த அறைகளிலேயே அக்குழுவினரின் ஓவியங்கள் பாதுகாக்கப்பட்டுப் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. மாற்குவின் ஓவியங்களுக்கு நேர்ந்ததை இதனோடு ஒப்புநோக்கின், கலைஞனின் கூடம் பொதுமக்களின் கூடமாக மாறுவதன் பெறுமதி தெளிவாகும்.

இவ்வெடுத்துக்காட்டுகளை அப்படியே பெயர்த்து நடுதல் பயன் தராது. யாழ்ப்பாணத்தின் இயல்புக்கு ஏற்ற வடிவம் அதன் வரலாற்றிலேயே உள்ளது. வலிகாமத்தின் நடுவே செல்லும் புகையிரதப் பாதையும் அதற்கு இணையாகச் செல்லும் காங்கேசன்துறை வீதியும் ஒரு முதுகெலும்பு. கொடிகாமத்திலிருந்தும் நகரிலிருந்தும் வடமராட்சிக்குச் செல்லும் வீதிகளும், தீவகத்துக்குச் செல்லும் தாம்போதிகளும் படகுகளும் அதன் கிளைகள். இவற்றை ஒட்டியே ஓவியர் வீடுகளும் தேர்ச் சிற்பிகளின் பட்டறைகளும் வாகனம் செய்வோர் கொட்டகைகளும் அமைந்துள்ளன. வார இறுதி ஒன்றில் இவை யாவும் ஒரே வேளையில் படலை திறந்து வைக்குமாயின், நவீன ஓவியரும் மரபுச் சிற்பியும் ஒரே பயணத்தில் இடம்பெறுவர். நெடுங்காலமாக 'ஓவியர்' என்றும் 'தொழிலாளர்' என்றும் சாதியையும் கல்வியையும் அடிப்படையாகக் கொண்டு பிரித்து வைக்கப்பட்ட இரு சாராரும் ஒரே பெயர்ப் பட்டியலில் அமைவது சிறிய மாற்றமன்று.

அத்தகைய முயற்சி வெற்றி பெறுவது ஓவியரின் கையில் மட்டும் தங்கியிருக்கவில்லை. நெடுந்தீவு மாணவிக்குக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பது முக்கியம். பருத்தித்துறையிலிருந்து வரும் குடும்பத்துக்கு மாலையில் திரும்பும் பேருந்து உண்டா என்பது முக்கியம். சொந்த வாகனம் உள்ளவர்க்கு எக்கதவும் எப்போதும் எட்டும் தொலைவிலேயே உள்ளது. அது இல்லாதவர்க்குப் பேருந்தின் நேர அட்டவணையே கலைக்கூடத்தின் உண்மையான கதவு. அட்டவணையை வகுப்போர் கலை வரலாற்றின் ஆசிரியர்களுள் ஒருவராகின்றனர் என்று கூறுவது இதனாலேயே.

எஸ். ஆர். கனகசபை ஊரூராகச் சென்று ஆசிரியரைத் திரட்டினார். மாற்கு விடுமுறையைக் கலையின் காலமாக்கினார். துவிச்சக்கர வண்டியில் வந்த மாணவர்கள் போரின் நடுவிலும் அம்மரபைத் தொடர்ந்தனர். இம்மூன்றும் சேர்ந்ததே யாழ்ப்பாணத்து நவீன ஓவிய வரலாறு. உள்ளறையில் இருந்தவை 1995இல் வீட்டோடு போயின; பிறர் கண்ணிலும் கையிலும் பதிந்தவையே எஞ்சின. எஞ்சியவற்றைக் கொண்டு அடுத்த தலைமுறைக்கு வரலாறு எழுதுவோர், இன்று வரையப்படும் ஓவியங்களை அவை வரையப்படும் இடத்திலேயே, இயன்றவரை பலர் பார்க்கச் செய்தல் வேண்டும். ஒரு சனிக்கிழமை, ஒரு பேருந்துச் சீட்டு, திறந்த ஒரு படலை ஆகியன அதற்குப் போதுமான தொடக்கமாகும்.